ராட்டினம் தெற்கே... தண்ணீர் வடக்கே!

*புயல் சீசனில் பார்க் டிக்கெட் எடுத்த வட சென்னைக் குடும்பங்கள்: போவதா, தள்ளிப்போடுவதா, விட்டுவிடுவதா?*

2025 டிசம்பர் 1, திங்கள்கிழமை இரவு. மூலக்கொத்தளத்தில் மழை விட்டபாடில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் ஆட்டோக்களை ஓரங்கட்டிவிட்டு டிரைவர்கள் கடை வாசலில் ஒதுங்கி நிற்கிறார்கள். தரைத்தள வீடுகளில் கட்டில் மேல் அரிசி மூட்டை, அரிசி மூட்டை மேல் புத்தகப் பை. எல்லார் கையிலும் செல்போன், எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "நாளைக்கு லீவு உட்டாச்சா?" விட்டாச்சு. சென்னை, திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் செவ்வாய்க்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை.

அதே நேரத்தில், அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தெற்கே, திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வேறு பரபரப்பு. 64 ஏக்கர் நிலம், 611 கோடி ரூபாய் முதலீடு, 43 சவாரிகள், தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்கப் பறக்கும் 'தஞ்சோரா' ரோலர்கோஸ்டர். சென்னை வொண்டர்லா பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் நாளும் அதே டிசம்பர் 2 செவ்வாய்தான். பிள்ளைகளுக்கு லீவு கிடைத்த நாளில் ஊரின் புதிய பார்க் திறக்கிறது. ஆனால், வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும்போது யார் கிளம்புவார்கள்?

புயல் வந்தால் டூர் கெடும் என்பது எல்லா ஊருக்கும் பொது. வட சென்னைக்கு அதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே குடும்பங்களின் பயணத்தை முடிவு செய்வது பார்க் இருக்கும் இடத்தின் வானிலை இல்லை. விட்டுப்போகும் வீட்டின் வானிலை. டிக்கெட் விதிகளை எழுதுபவர்கள் கணக்கில் எடுக்காததும் அதைத்தான்.

போனஸும் புயலும் ஒரே சீசன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. வர்தா, 2016 டிசம்பர் 12. நிவர், 2020 நவம்பர். மாண்டஸ், 2022 டிசம்பர். மிக்ஜாம், 2023 டிசம்பர். ஃபெஞ்சல், 2024 நவம்பர் 30. டிட்வா, 2025 நவம்பர் கடைசி. நகரம் நினைவில் வைத்திருக்கும் புயல்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் என்ற இரண்டு மாதங்களுக்குள் அடங்கிவிடும்.

இப்போது வீட்டுக் காலண்டரைப் புரட்டுங்கள். தீபாவளி போனஸ் கைக்கு வருவது இந்த சீசனில். எம்.சி. ரோடு துணிக்கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்குத் தீபாவளிக்கு முன்னால் லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. மூச்சுவிட நேரம் கிடைப்பது பண்டிகை முடிந்த பிறகுதான். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில். பின்னாலேயே கிறிஸ்துமஸ், புத்தாண்டு. கையில் காசும் பிள்ளைகளுக்கு லீவும் ஒன்றாகச் சேரும் சில வாரங்கள் வங்கக்கடல் கொதிக்கும் வாரங்களாகவே அமைந்துவிடுகின்றன.

ஏன், மே மாதம் போகக் கூடாதா? போகலாம். ஆனால் காசிமேட்டை நம்பி வாழும் குடும்பங்களைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆள் வீட்டில் இருப்பார், வருமானம் இருக்காது. புயல் எச்சரிக்கை நாளிலும் கடலுக்குப் போக முடியாதுதான். ஆனால் அது ஓய்வு நாள் ஆகாது. படகை இழுத்துக் கட்ட வேண்டும், வலையை மேட்டில் ஏற்ற வேண்டும், இன்ஜினைக் காப்பாற்ற வேண்டும்.

இன்னொன்று, ஊரின் அமைப்பு. வி.ஜி.பி. இஞ்சம்பாக்கத்தில், எம்.ஜி.எம். முட்டுக்காட்டில், குயின்ஸ்லேண்ட் பூந்தமல்லியைத் தாண்டிப் பழஞ்சூரில், இப்போது வொண்டர்லா திருப்போரூர் பக்கத்தில். விளையாட்டுப் பூங்காக்கள் எல்லாம் தெற்கும் மேற்குமாகப் போய்விட்டன. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம், கன்டெய்னர் லாரி வரிசை எல்லாம் வடக்கே. ராயபுரத்துப் பிள்ளை ராட்டினம் ஏறுவதென்றால் நகரத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். பக்கத்தில் இருப்பது தீவுத்திடல் பொருட்காட்சி ஒன்றுதான். அதுவும் திறந்தவெளி. மழை பிடித்தால் சேறு.

வியாழன் நிம்மதி, வெள்ளி குழப்பம்

2024 நவம்பர் 30 சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருந்த ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் வானிலைச் செய்தியைப் பின்தொடர்ந்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். வங்கக்கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். புயலாகும் என்றார்கள். இலங்கைக் கரையோரம் நகராமல் உட்கார்ந்துகொண்டது. வியாழக்கிழமை, அது புயலாக மாறாது, தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றது வானிலை ஆய்வு மையம். வீட்டில் நிம்மதி. வெள்ளிக்கிழமை பிற்பகல் அது புயலாகிவிட்டது. சவுதி அரேபியா கொடுத்த பெயர் அதற்குச் சூட்டப்பட்டது: ஃபெஞ்சல்.

அந்த நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என்ன ஓடும் என்று எல்லாருக்கும் தெரியும். "மாமா, வேன்காரர் கேக்குறாரு. இன்னா சொல்றது?" "இரும்மா, வெதர்மேன் இன்னா போட்டுக்கிறாரு பாரு." "பசங்க பேக் எல்லாம் எடுத்து வச்சிட்டாங்க மாமா." "காலையில பாத்துக்கலாம்." அந்தக் 'காலையில பாத்துக்கலாம்' என்ற சொல்லில்தான் பாதிப் பணம் கரையும்.

சனிக்கிழமை நண்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பேருந்துகள் நிறுத்தப்பட்டன. விமான நிலையத்தை மூடினார்கள். மறுநாள் அதிகாலை வரை திறக்கவில்லை. கடற்கரைகளும் மாநகராட்சிப் பூங்காக்களும் மூடப்பட்டன. மெட்ரோ ஓடியது. இரவில் புதுச்சேரி அருகே புயல் கரையைக் கடந்தது. மயிலத்திலும் புதுச்சேரியிலும் வரலாறு காணாத மழை. சென்னையில் அந்த நாளின் சாவுகள் காற்றால் வந்தவை அல்ல, தேங்கிய நீரில் பாய்ந்த மின்சாரத்தால் வந்தவை. முத்தியால்பேட்டையில் ஏ.டி.எம். வாசலில் ஒரு புலம்பெயர் தொழிலாளி அப்படித்தான் இறந்தார். 'சும்மா கிட்டத்துலதானே, போய்ட்டு வந்துடலாம்' என்று இறங்கும் தெருவில் கூட இந்த ஆபத்து உண்டு.

இதற்கு ஒன்றரை மாதம் முன்னால் நடந்தது நேர்மாறு. அக்டோபர் 16-க்குச் சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். அன்றைக்கு எதிர்பார்த்த மழை இல்லை. 17-ம் தேதி அதிகாலையில் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே அமைதியாகக் கரையேறிவிட்டது. டிக்கெட்டை விட்டவர்கள் நொந்துகொண்டார்கள். ஒரு பொய் அலாரம் அடுத்த உண்மை எச்சரிக்கையின் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. 'போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு வேன் அட்வான்ஸ் இழந்த கதை இருக்கும்.

பெயர் போன பிறகு பெய்த மழை

டிட்வா இன்னொரு பாடம். ஏமன் வைத்த பெயர். 2025 நவம்பர் கடைசியில் இலங்கையைச் சின்னாபின்னமாக்கி, 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு தமிழகக் கரையை ஒட்டி வடக்கே ஊர்ந்தது. நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை சென்னை பயந்து காத்திருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. புயல் வலுவிழந்து தாழ்வு மண்டலமாகிவிட்டது என்று செய்தி. அப்பாடா என்று மூச்சுவிட்ட மறுநாள்தான், சென்னைக்கு அருகே கடலில் நகராமல் நின்ற அந்த மிச்சம் வட சென்னை மீதும் திருவள்ளூர் மீதும் கொட்டியது. எண்ணூரில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்.

காற்றின் வேகத்தை வைத்துத்தான் புயல் என்ற பட்டம் கொடுக்கிறார்கள்: மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், குறைந்தால் தாழ்வு மண்டலம். மழைக்கும் இந்தப் பட்டத்துக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. பெயர் இழந்த, நகராத ஒரு தாழ்வு மண்டலம் பெயர் வைத்த புயலை விட அதிக நீரைக் கொட்டக்கூடும். ஆகவே 'புயல் போயிடுச்சு, வண்டிய எடு' என்பது தவறான கட்டளை. அது எங்கே நிற்கிறது, நகர்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

> பெட்டிச் செய்தி: கூண்டு எண் என்ன சொல்கிறது?
>
> துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கானது. ஆனால் ராயபுரம், காசிமேடு மக்கள் டி.வி.க்கு முன்னாலேயே இதைத்தான் கேட்பார்கள்.
>
> • 1: தூரத்தில் தாழ்வு மண்டலம். துறைமுகத்துக்கு உடனடி பாதிப்பு இல்லை.
> • 2: தூரத்தில் புயல் உருவாகிவிட்டது. புறப்படும் கப்பல்களுக்கு எச்சரிக்கை.
> • 3: துறைமுகப் பகுதியில் பலத்த காற்றும் மழையும் வரலாம்.
> • 4: புயலால் துறைமுகத்துக்கு அச்சுறுத்தல்; உச்சகட்ட முன்னெச்சரிக்கைக்கு நேரம் வரவில்லை.
> • 5, 6, 7: அபாயம். புயல் துறைமுகத்தின் ஒரு பக்கமாகவோ, மறு பக்கமாகவோ, நேராகவோ கடக்கும். 7 என்றால் நேராக.
> • 8, 9, 10: பெரும் அபாயம். அதே மூன்று வழிகள், புயல் மட்டும் கடுமையானது.
> • 11: வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது.
>
> டூர் போகிறவர்களுக்கு: 3 ஏறினால் யோசியுங்கள். 5 அல்லது அதற்கு மேல் என்றால் பையைப் பிரித்து வைத்துவிடுங்கள்.

பேசின் பிரிட்ஜில் நீர் ஏறினால்...

சென்னையில் வொண்டர்லா வருவதற்கு முன் அதைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் பெங்களூரு அருகே பிடதிக்கு ரயில் ஏறினார்கள். 'பிளாக் தண்டர்' தண்ணீர்ப் பூங்கா என்றால் மேட்டுப்பாளையம் ரயில். இரண்டுக்கும் சென்ட்ரலிலிருந்துதான் கிளம்ப வேண்டும். சென்ட்ரலை விட்டுக் கிளம்பும் ரயில் முதலில் கடப்பது மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பேசின் பிரிட்ஜை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் மழை நாள். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலான ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது. பெங்களூரு, கோவை, திருப்பதி ரயில்கள் வரிசையாக ரத்து. 2024 அக்டோபர் மழையிலும் அதே இடத்தில் தண்ணீர், அதே சிக்கல். மேட்டுப்பாளையத்தில் வெயில் காய்ந்தாலும் பயன் இல்லை; பயணம் நின்றுபோவது வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

ஏன் அங்கே தண்ணீர் நிற்கிறது? வட சென்னையின் பெரும் பகுதி மழைநீர் ஓட்டேரி நல்லாவிலும் கேப்டன் காட்டன் கால்வாயிலும் ஓடி பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. அது கடலில் கலக்க வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து, முகத்துவாரத்தில் அலை எதிர்த்து நிற்கும். கால்வாய் வடியாது. வடியாத நீர் தெருவுக்குத் திரும்பும். மேலும், பூண்டி ஏரி திறந்தால் கொசஸ்தலையாறு. புழல் ஏரி திறந்தால் உபரி நீர் சடையங்குப்பம் வழியாக எண்ணூர் நோக்கி. மழை நின்று ஒரு நாள் கழித்தும் மணலி பக்கம் தண்ணீர் ஏறுவது இதனால்தான். மிக்ஜாமின்போது இந்த நீரோடு மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியது. மீனவக் குடும்பங்களுக்கு டூர் இல்லை, தொழிலும் இல்லை என்று அந்த டிசம்பர் கழிந்தது.

வீட்டுக்கு யார் காவல்?

வட சென்னைத் தரைத்தள வீட்டுக்குப் புயல் நாளில் ஒரு ஆளாவது தேவை. சாலையை மேலே மேலே போட்டதில் பல வீடுகள் பள்ளமாகிவிட்டன. தெருத் தண்ணீர் வாசல்படி ஏறுவதற்கு முன்பே கழிவறை வழியாகச் சாக்கடை எதிர்த்து வரும். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜை செங்கல் வைத்துத் தூக்க வேண்டும், சிலிண்டரை நகர்த்த வேண்டும், மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், ரேஷன் கார்டையும் பத்திரங்களையும் பரணில் ஏற்ற வேண்டும், டூவீலரை மேட்டில் நிறுத்த வேண்டும். பூட்டிய வீட்டில் இதை யார் செய்வார்கள்?

பல வீடுகளில் முடிவு எப்படி அமைகிறது என்று கவனியுங்கள். டூர் முழுதாக ரத்தாவது கிடையாது. பாட்டியோ, அப்பாவோ, பெரியம்மாவோ "நான் வூட்டாண்ட இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று நின்றுகொள்கிறார்கள். ஐந்து பேர் டிக்கெட்டில் நாலு பேர் போகிறார்கள். போனவர்களும் தண்ணீர்ச் சறுக்கில் இறங்குவதற்கு முன் ஒரு தடவை, ஏறிய பின் ஒரு தடவை வீட்டுக்கு போன் போடுகிறார்கள். "தண்ணி எங்க இருக்கு?" "கம்பத்துகிட்ட." "சரி, வாசலுக்கு வந்தா சொல்லு." இதைச் சுற்றுலா என்று சொல்ல முடியாது.

மாடி வீட்டுக்காரர்களுக்கு வேறு கவலை. மழையில் மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, தண்ணீர் ஏறாது, லிஃப்ட் நிற்கும். புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆறாவது, ஏழாவது மாடியில் வயதானவர்களை விட்டுவிட்டுப் போவது சுலபமான முடிவு அல்ல.

பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கணக்கில் வருகிறது. மிக்ஜாமால் அரையாண்டுத் தேர்வுகள் தள்ளிப்போயின. மழை லீவுகளை ஈடுகட்டச் சனிக்கிழமைகளில் பள்ளி வைத்தார்கள். டிக்கெட்டை 'அடுத்த சனிக்கிழமை'க்கு மாற்றிய குடும்பம் அங்கேயும் மாட்டிக்கொள்ளும். தேதி மாற்றும்போது ஞாயிறாகப் பார்த்து மாற்றுவது புத்திசாலித்தனம், கட்டணம் கூடினாலும்.

> பெட்டிச் செய்தி: 72 – 48 – 24
>
> இந்திய வானிலை ஆய்வு மையத்தின் புயல் எச்சரிக்கை படிப்படியாக வருகிறது. அதை டூர் திட்டத்தோடு பொருத்திப் பாருங்கள்.
>
> • தாழ்வுப் பகுதி என்ற செய்தி வந்ததும்: எதையும் ரத்து செய்ய வேண்டாம். புதிதாகப் பணமும் கட்ட வேண்டாம்.
> • 72 மணி நேரம் முன் (முன்னறிவிப்பு): வேன்காரரிடம் பேசுங்கள். டிக்கெட்டின் தேதி மாற்ற நிபந்தனையைப் படியுங்கள். மாற்றுத் தேதி ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.
> • 48 மணி நேரம் முன் (உஷார் அறிவிப்பு): தேதியை மாற்றிவிடுங்கள். இதற்கு மேல் காத்திருந்தால் பேரம் பேசும் பலம் போய்விடும்.
> • 24 மணி நேரம் முன் (எச்சரிக்கை): பயணம் வேண்டாம். வீட்டைப் பாருங்கள்.
> • கரையைக் கடந்த பின்: இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஏரிகள் திறக்கும் செய்தியைக் கவனியுங்கள்.

அட்வான்ஸ் யார் தலையில்?

புயல் யாருடைய தப்பும் அல்ல. ஆனால் அதன் செலவு யாராவது ஒருவர் தலையில் விழுந்துதானே ஆக வேண்டும்? சென்னை வொண்டர்லாவின் தொடக்கக் கட்டணமாக அறிவிக்கப்பட்டது 1,489 ரூபாய். நான்கு பெரியவர்கள் என்றால் 5,956. இதன் மேல் வேன் வாடகை, சாப்பாடு, ஒரு நாள் கூலி இழப்பு. மூட்டை தூக்குபவருக்கும் தையல்காரருக்கும் இது பல நாள் உழைப்பு.

பார்க்குகள் பொதுவாக ஒரே தர்க்கத்தைப் பின்பற்றுகின்றன: நாங்கள் மூடினால் பொறுப்பு எங்களுடையது, நீங்கள் வராவிட்டால் உங்களுடையது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தூறலில் பார்க் திறந்தே இருக்கும். வியாசர்பாடியில் இடுப்பளவு தண்ணீர் நிற்பது திருப்போரூர் கவுன்டருக்குத் தெரியாது. பார்க் திறந்திருக்கும் நாளில், வீட்டை விட்டு வெளியே வர முடியாத குடும்பம் 'வராதவர்' பட்டியலில் சேர்கிறது.

உள்ளே போனவர்களுக்கும் உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு பெரிய சவாரிக்கும் அதைத் தயாரித்தவர் வகுத்த காற்று வேக வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் நிறுத்தியாக வேண்டும். மின்னல் கண்ணில் பட்டால் உயரமான ராட்டினமும் நீச்சல் குளமும் முதலில் மூடும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை திறப்பது பாதுகாப்பில்லை. 'காசு குடுத்துதானே வந்தோம், ஓட்டு' என்று ஆபரேட்டரிடம் சண்டை போடுவது வீண். நிறுத்துகிற பார்க்தான் நல்ல பார்க்.

வேன் டிரைவருக்கும் இதே கதை. சீசனில் ஒரு சனிக்கிழமை போனால் மாதத் தவணையில் ஓட்டை விழும். அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொன்னால் அவர் கை விரிப்பார்; அதை டீசலுக்கும் டயருக்கும் போட்டிருப்பார். இங்கே சட்டம் பேசுவதை விட, 'புயல் எச்சரிக்கை வந்தால் அட்வான்ஸ் அடுத்த தேதிக்கு' என்று முதல் நாளே பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.

> பெட்டிச் செய்தி: பணம் திரும்புமா?
>
> • ரயில்: ரயில்வேயே ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பும், ஆன்லைன் டிக்கெட் என்றால் தானாகவே கணக்குக்கு வரும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் ஏறவில்லை என்றால், ரயில் கிளம்பும் முன் டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்ய வேண்டும். பயந்து நீங்களே முன்கூட்டி ரத்து செய்தால் பிடித்தம் உண்டு. ஆகவே ரத்து அறிவிப்பு வரும் வாய்ப்பு இருந்தால் அவசரப்படாதீர்கள்.
> • விமானம்: நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது பணம். புயல் காரணம் என்றால் கூடுதல் இழப்பீடு கிடையாது.
> • பார்க்: நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 'பணம் திரும்பாது' என்பதும் 'தேதி மாறாது' என்பதும் வேறு வேறு. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆர்லாண்டோவில் என்ன செய்கிறார்கள்?

உலகின் மிகப் பிரபலமான பார்க் இருக்கும் இடமும் புயல் பூமிதான். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் சீசன். வால்ட் டிஸ்னி வேர்ல்டு 2022 செப்டம்பரில் 'இயன்' புயலுக்காக மூடியது. 2024 அக்டோபரில் 'மில்டன்' புயலுக்காக 9-ம் தேதி பிற்பகல் தொடங்கி, 10-ம் தேதி முழுதும் மூடி, 11-ம் தேதி திறந்தது. அங்கே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். விருந்தினர் வந்துசேர வேண்டிய தேதிக்கு ஏழு நாட்களுக்குள் அமெரிக்கப் புயல் மையம் எச்சரிக்கை விடுத்தால், டிஸ்னியிடம் நேரடியாகப் பதிவு செய்த தங்கும் அறை, டிக்கெட் தொகுப்புகளை அபராதம் இல்லாமல் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

அந்த விதியில் ஒரு சொற்றொடர் வட சென்னைக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. எச்சரிக்கை ஆர்லாண்டோ பகுதிக்கு இருந்தாலும் செல்லும். *விருந்தினரின் வசிப்பிடத்துக்கு* இருந்தாலும் செல்லும். பார்க் வாசலில் வெயில் அடித்தாலும், உங்கள் ஊருக்குப் புயல் என்றால் நீங்கள் வர முடியாது என்பதை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஹாங்காங்கில் இன்னொரு வழி. அங்கேயும் நம் துறைமுகக் கூண்டு மாதிரி எண் உண்டு. 8-ம் எண் ஏறிவிட்டால் பள்ளிகளும், பெரும்பாலான அலுவலகங்களும் பார்க்குகளும் மூடும்; யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம் ஊரில் கூண்டு ஒரு கணக்கு, வானிலை மையத்தின் நிறம் ஒரு கணக்கு, கலெக்டர் லீவு ஒரு கணக்கு, டிக்கெட் நிபந்தனை தனிக் கணக்கு. நான்கும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

> பெட்டிச் செய்தி: கிளம்பும் முன்
>
> • தமிழக அரசின் 'டி.என். அலர்ட்' செயலியில் பார்க் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டம், வீடு இருக்கும் சென்னை அல்லது திருவள்ளூர் மாவட்டம் இரண்டையும் பாருங்கள்.
> • நிறம்: மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தேதி மாற்றத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் போகாதீர்கள். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதி கனமழை.
> • ஒரு ஆளாவது வீட்டில் இருக்க முடியாது என்றால் மெயின் சுவிட்சை அணைத்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.
> • பவர் பேங்க், மருந்து, கொஞ்சம் ரொக்கம். மின்சாரம் போனால் ஜி.பே. ஓடாது.
> • மாநகராட்சி: 1913. மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070. மாவட்டம்: 1077. மின்சாரம்: 94987 94987. ரயில்: 139.

பின்கோடு பார்த்து டிக்கெட்

தேதி மாற்றம் என்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. டிக்கெட் பெரும்பாலும் ஆன்லைனில்தான் எடுக்கிறோம். செல்போன் எண், முகவரி எல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். வானிலை ஆய்வு மையம் எந்த மாவட்டத்துக்கு எந்த நிறம் என்று பொதுவில் அறிவிக்கிறது. இரண்டையும் சேர்த்தால் போதும். சென்னை அல்லது திருவள்ளூருக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில், அந்த மாவட்டப் பின்கோடு கொண்ட டிக்கெட்டுகளுக்கு மூன்று மாதம் வரை இலவசத் தேதி மாற்றம் என்று பார்க்குகள் அறிவிக்கலாம். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பார்க்குக்கு இதில் நஷ்டம் குறைவு. மழை நாளில் அந்த இருக்கை எப்படியும் காலிதான். வாடிக்கையாளரோ திரும்ப வருவார், உள்ளே சாப்பாடும் வாங்குவார்.

முதலில் தொடங்க வேண்டியது அரசு. தீவுத்திடல் பொருட்காட்சியும், முட்டுக்காடு படகுக் குழாமும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஒரு நாள் டூர் பஸ்களும் அரசின் கையில் இருப்பவை. எச்சரிக்கை நாள் டிக்கெட்டுக்கு மறுதேதி என்ற விதியை அங்கே கொண்டுவந்தால் தனியாருக்கும் வேறு வழி இருக்காது. பள்ளி டூர்களுக்கும் இதே விதி வேண்டும். எச்சரிக்கை வந்ததும் பணத்துக்காகப் பயந்து பஸ்ஸைக் கிளப்பும் நிலை எந்தத் தலைமையாசிரியருக்கும் வரக் கூடாது.

அடுத்த நவம்பரில் வங்கக்கடலில் இன்னொரு தாழ்வுப் பகுதி உருவாகும். அது புயலானால் எந்த நாடு கொடுத்த எந்தப் பெயர் சூட்டப்படும் என்பது இப்போதே பட்டியலில் இருக்கிறது. அது வரும் நாளில் டிக்கெட்டை யார் மாற்றிக்கொடுப்பார்கள் என்பதும் எழுத்தில் இருந்தால், மூலக்கொத்தளத்தில் ஒரு குடும்பம் ஃபிரிட்ஜைத் தூக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் புதிய தேதியைத் தைரியமாகச் சொல்ல முடியும்.